எடுத்துக் கொடுக்கும் வாய்

என் அக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குக்கர் விசில் அடித்தால் திடுக்கிடுவாள். குக்கரை அடுப்பில் ஏற்றியவளே அவள்தான், ஆனாலும் திடுக்கிடுவாள். பக்கத்து வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள். இப்படிப்பட்டவளைப் பிடித்து, சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள் பாருங்கள், அந்தப் புண்ணியவான்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்கு முன்னால் அவள் ஒரு நாடகக் கம்பெனியில் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். படிப்பை முடித்த கையோடு நடிக்கத்தான் போனாள். முதல் நாள் மேடையில் தள்ளிவிட்டார்கள். வெளிச்சம் மேலே விழுந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, வாய் அடைத்துவிட்டது. திரையை இறக்கி, தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோனார்கள். அன்றைக்கே வேறு யாராவது என்றால் வீட்டுக்கு ஓடி வந்திருப்பார்கள். இவள் ஓரத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள், கம்பெனியை மூடும் வரைக்கும் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. நடிகன் வேண்டுமென்றே நிறுத்துகிறானா, வசனம் மறந்து நிற்கிறானா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மறந்திருந்தால், சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைப்பாள். கம்பெனியில் எல்லோருக்கும் அந்த உதட்டைப் படிக்கத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் பழக்கம் பொல்லாதது. கம்பெனி போன பிறகும் உதடு நிற்கவில்லை. யாராவது பேச்சை நிறுத்தினால் போதும், அடுத்த வார்த்தை அவள் உதட்டில் தானாக வந்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்கள். நான் கொஞ்சம் யோசித்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவின் உதடு "தெரியாது" என்று அசைந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. நல்லதற்குத்தான், அது வேறு கதை.

பிறகு கலைஞர்கள் சங்கத்தில் சமரச மையம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். பாட்டு யாருடையது, நடனத்தை அமைத்தது யார், போஸ்டரில் யார் பேர் முதலில் என்று அடித்துக்கொள்கிறவர்கள் கோர்ட்டுக்குப் போய்ச் சீரழியாமல், ஓர் ஆளை நடுவில் வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. அக்காவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவள் தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டாள். அவள் நடுவர், நான் முன்னறையில் போன் எடுக்கிறவள், வருகிறவர்களை உட்கார வைக்கிறவள், டீ போடுகிறவள்.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் செய்தாள். சத்தம் என்றாலே பயப்படுகிறவள் அல்லவா, சத்தம் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டு பேரையும் பிரித்து இரண்டு அறையில் வைத்துவிடுவாள். சேர்ந்து பாடுகிற அண்ணன் தம்பி இருவர், போஸ்டரில் யார் படம் முதலில் என்று அடிதடிக்குப் போனார்கள். ஊருக்கு மேற்கே அண்ணன் படம் முதலில், கிழக்கே தம்பி படம் முதலில் என்று முடித்து வைத்தாள். தம்பி இன்றைக்கும் மேற்குப் பக்கம் போக மாட்டான்.

எங்கள் மையம் மாடியில் இருந்தது. கீழே ஒத்திகைக் கூடம். மேலே முன்பக்கம் ஒரு அறை, பின்பக்கம் ஒரு அறை, நடுவில் ஒரு நடை. பின்னறையில் பழைய நாடகச் சாமான் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள், மீதி இடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு அறையில் ரகசியமாகச் சொன்னதை, சொன்னவர் அனுமதி இல்லாமல் அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. அதுதான் இந்த வேலையின் உயிர். தன் உதட்டைப் பற்றி அவளுக்கே பயம் இருந்தது. அதனால் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்கு முன்னால் நடையில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். குடித்து, உதட்டை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கதவைத் தொடுவாள்.

"என்ன, கேட்டதையெல்லாம் கழுவிட்டியா?" என்று கிண்டல் செய்வேன்.

"சும்மா இருடி" என்பாள்.

இப்போது சொல்லப் போவது சுவர்ப்படத் தகராறு. இதை வெளியில் சொல்லலாம் என்று சொல்ல வேண்டியவர் சொன்ன பிறகுதான் சொல்கிறேன். பின்னறையில் நடந்ததில் பாதி, பிற்பாடு அவரே எனக்குச் சொன்னது.

பஸ் நிலையத்துக்கு எதிரே நகராட்சிக் கட்டடத்தின் பக்கச் சுவர் மொட்டையாகக் கிடந்தது. அதில் உழைக்கிற பெண் ஒருத்தியைப் பெரிதாக வரையச் சொல்லி ஒரு ஓவியரிடம் கொடுத்தார்கள். பெயிண்டர் என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனாலேயே நான் பெயிண்டர் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். வாலிபத்தில் அக்காவின் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க ஒரு தையல் கடைக்குப் போய்க் காத்திருந்தபோது, தைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொண்டு வந்துவிட்டார். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதையே மூன்று மாடி உயரத்துக்குச் சுவரில் ஏற்றிவிட்டார்.

திறப்பு விழா வரைக்கும் படத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஒரு நாள் காற்றில் துணி விலகியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய தையலம்மா தன் முகத்தைத் தானே அவ்வளவு பெரிதாகப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். மறுநாள் நகராட்சியில் போய், முகத்தை அழிக்க வேண்டும் என்றார். ஓவியர் முடியாது என்றார். நகராட்சிக்காரர்கள் இருவரையும் எங்களிடம் அனுப்பினார்கள்.

ஓவியர் தனக்குப் பழைய பழக்கம் என்பதை அக்கா முதலிலேயே தையலம்மாவிடம் சொல்லி, வேண்டுமானால் வேறு ஆளை ஏற்பாடு செய்வதாகச் சொன்னாள். அவர் அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்களே இருங்க" என்றார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தார். வலது கையை இடது கைக்கு அடியிலேயே வைத்திருந்தார். கதவு அசையும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தார். பயத்தில் அக்காவையே மிஞ்சிவிடுவார் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்த முதல் பேச்சு உருப்படவில்லை.

"அம்மா, உங்களை அசிங்கமாவா வரைஞ்சிருக்கேன்? ஊரே கையெடுத்துக் கும்பிடுற மாதிரி வரைஞ்சிருக்கேன். அதுல ஒரு கோட்டைக்கூட அழிக்க மாட்டேன்" என்றார் ஓவியர்.

"கும்பிட வேண்டாம். என் முகம் அங்க இருக்கக் கூடாது."

"ஏன்? காரணம் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"பாத்தீங்களா அக்கா!" என்று மேசையில் தட்டினார். தையலம்மா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அக்கா உடனே எழுந்து இருவரையும் பிரித்துவிட்டாள். ஓவியர் முன்னறையில், தையலம்மா பின்னறையில்.

ஓவியருக்கும் ஒரு காயம் இருந்தது. அவர் மாதக்கணக்கில் சாரத்தில் தொங்கி எழுதிய வேறொரு சுவரை, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள். அதிலிருந்து சுண்ணாம்பு வாளியைப் பார்த்தாலே அடுத்த தெரு வழியாகப் போய்விடுவார். "இன்னொரு தரம் அந்தக் கொடுமையைப் பாத்தேன்னா நான் செத்துடுவேன்க்கா" என்று அக்காவிடம் அழுதார். இதைத் தையலம்மாவிடம் சொல்லலாமா என்று அக்கா கேட்டாள். தாராளமாகச் சொல்லுங்கள் என்றார்.

பின்னறையில் தையலம்மா கதவைத் தாழ் போடச் சொன்னார். பிறகு சொன்னார். புருஷனிடமிருந்து தப்பி வந்திருக்கிறார். ஊர் ஊராக மாறி இங்கே வந்து, வேறு பேரில் கடை வைத்திருக்கிறார். அவன் தேடிக்கொண்டே இருக்கிறான். கண்டுபிடித்தால் உயிரோடு விட மாட்டேன் என்று அவர் அம்மா வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். "அந்தச் சுவத்துக்கு எதிர்ல தினம் எத்தனை ஊர் பஸ் நிக்குதுன்னு தெரியுமாக்கா? ஒரு ஆள் பாத்துட்டுப் போய்ச் சொன்னாப் போதும். ஓவியர்கிட்ட சொல்லிடாதீங்க. அவர் வாய் நிக்காத ஆளா இருக்கார். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. நான் தம்ளரை நீட்டினேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, தம்ளரையும் பார்க்கவில்லை. நேராக முன்னறைக்குள் போய்விட்டாள். நான் தம்ளரோடு பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன்.

"அண்ணே, அந்தம்மா காரணத்தைச் சொல்ல விரும்பல. ஆனா காரணம் இருக்கு. முகத்தை மட்டும் மாத்த முடியுமான்னு யோசிங்க" என்றாள்.

ஓவியர் உடனே கத்தவில்லை. அவரும் எதையோ கவனித்திருந்தார் போலிருக்கிறது. "நான் மேசையைத் தட்டினப்ப அந்தம்மா துடிச்சாங்களே, அது கோபம் இல்லையேக்கா. பயம். யாரைப் பாத்துப் பயப்படுறாங்க?"

அக்கா பதில் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், தெளிவாக, கடைசி வரிசை நடிகனுக்கும் புரிகிற மாதிரி: புருஷன்.

வேறு எந்த ஓவியராக இருந்தாலும் ஒன்றும் புரிந்திருக்காது. இவரோ அந்த உதட்டை வருஷக்கணக்காகத் திரை மறைவில் பார்த்துப் பழகியவர். அவர் கண் விரிந்ததைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது அக்காவுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறைத்திருக்கலாம். ஓவியரிடம் கெஞ்சி வாயை மூடச் சொல்லிவிட்டு, தையலம்மாவிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி போயிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அக்கா நேராகப் பின்னறைக்குப் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"நான் தப்புப் பண்ணிட்டேம்மா. வாயால சொல்லல. ஆனா அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னாலதான். இனிமே நீங்க வேற ஆளை வச்சுப் பேசுங்க. உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் செய்றேன்."

தையலம்மா எழுந்து பையை எடுத்தார். "உங்களையும் பயந்தவங்கன்னு நினைச்சுதான் நம்பினேன்" என்றார். "பயந்தவங்க வாயை மூடிக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சேன்." அந்த வார்த்தைக்கு அவர் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. ஓவியர் வந்து கதவுக்கு வெளியிலேயே நின்றார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு.

"அம்மா, நான் உள்ள வரல. எனக்கு எதுவும் தெரியாது, யார்கிட்டயும் எதுவும் சொல்லவும் மாட்டேன். என் ரெண்டு பொண்ணு மேல சத்தியம். முகத்தை நானே மாத்திடுறேன். வெள்ளையடிக்க மட்டும் யாரையும் விடாதீங்க."

தையலம்மா பையோடு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. ஓவியருக்கும் வந்துவிட்டது. ஒப்பந்தம் அங்கேயே எழுதினோம்: முகம் மாற்றப்படும், மற்றது அப்படியே இருக்கும். நடுவராக அக்காவே தொடரட்டும் என்று தையலம்மா சொன்னார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு புதுச் சிக்கல். ஓவியரால் யாரையும் பார்க்காமல் வரைய முடியாது. மனதிலிருந்து வரைந்தால் கடையில் விற்கிற பொம்மை முகம்தான் வரும் என்றார். யாராவது உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள்? அந்தச் சுவரில் ஏறுகிற முகத்தைத் தேடி யார் வருவார்கள் என்று தெரிந்த பிறகு?

"என்னை வரைங்க" என்றாள் அக்கா.

"உனக்கென்ன பைத்தியம் பிடிச்சிருக்கா?" நான் கத்தியே விட்டேன். "நாலு பேர் பாத்தாலே கால் ஒட்டிக்கிற ஆளு நீ! ஊர் பாக்கிற சுவத்துல போய் நிக்கப் போறியா? அவன் வந்து கேட்டா?"

"கேட்டா என் முகம்னு சொல்வேன். பொய் இல்லையே."

இரண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை. சாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, வெயிலில் வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தாள். பஸ்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

திறப்பு விழா நடந்தது. நகராட்சித் தலைவர் பெருமை தாங்காமல், இந்தப் படத்தில் ஒரு தகராறு வந்து எங்கள் சமரச மையத்தில் சுமுகமாகத் தீர்ந்தது என்று ஒலிபெருக்கியில் சொல்லித் தொலைத்தார். பத்திரிகைக்காரர்களும் படத்தோடு போட்டுத் தொலைத்தார்கள்.

விழாவுக்கு மறுநாள் அக்காவும் நானும் பஸ் நிலையத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தோம். "மூக்கு கொஞ்சம் பெருசா வந்திருக்கு. இல்ல, உன் மூக்கே அப்படித்தானா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி, வளையல் கையில் அழுந்தியது.

"விரலைப் பாருடி."

தையல் ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளிக்கொடுக்கிற வலது கை. கட்டில் அகலத்துக்கு இருந்தது. அதில் சுண்டுவிரல் மட்டும் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஓவியர் பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறவர் ஆயிற்றே. தையலம்மா எப்போதும் இடது கைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது அதைத்தான். முகம், முகம் என்று அவரும் பேசினார், நாங்களும் பேசினோம், ஒப்பந்தத்திலும் முகம் என்றே எழுதினோம். கையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓவியர் வேறு ஊரில் வேறு சுவரில் ஏறிவிட்டார். போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுநாள் காலையிலேயே அக்கா தையலம்மாவை மையத்துக்கு வரச் சொன்னாள். பின்னறையில் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் மறைத்திருந்த கையை எடுத்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். ஓவியருக்கு மறுபடியும் போன் போட்டுப் பார்க்கிறேன் என்று அக்கா முன்னறைக்கு வந்தாள்.

அப்போதுதான் படியேறி ஒரு ஆள் வந்தார். நல்ல சலவைச் சட்டை, வாரிய தலை, கையில் மடித்த செய்தித்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். பக்கத்தில் தையலம்மாவின் செருப்பு கிடந்தது. நானும் அக்காவும் பின்படி வழியாக வருகிறவர்கள், எங்கள் செருப்பு அந்தப் பக்கம் கிடக்கும். முன்வாசலில் இருந்தது அது ஒன்றுதான்.

அவர் குனிந்து அதையே பார்த்தார். அறுந்த வாரை நூலால் தைத்திருந்தது.

"தையல் நல்லா இருக்கே. யார் போட்டது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வந்தது யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கால் தானாகப் போய் அந்தச் செருப்புக்குள் நுழைந்தது. "நான்தான் தைச்சேன். என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன். என் காலுக்கு அது சின்னது. குதிகால் பாதி வெளியே நின்றது. அவர் அதையும் பார்த்தார்.

உள்ளே போய் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். குரல் அவ்வளவு மென்மை.

"இதுல இருக்கிறது நீங்கதானேம்மா?"

"நான்தான்."

"முகம் உங்களோடது. கை என் வீட்டுக்காரியோடது."

அக்கா தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டுவிடுமோ என்றுகூடப் பயந்தேன்.

"பயப்படாதீங்க. சின்ன மனஸ்தாபம், கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். நீங்க சமாதானம் பண்ணி வைக்கிறவங்களாமே, பேப்பர்ல போட்டிருக்கான். எங்களுக்கும் பண்ணி வைங்க. அவளைக் கூப்பிடுங்க."

"சமாதானம்னா ரெண்டு பேரும் அவங்களா விரும்பி வரணும். பயந்து வர்றவங்களை நான் உக்கார வைக்கிறதில்ல" என்றாள் அக்கா. குரல் பிசிறியது. பிறகு அவள் பயிற்சியில் படித்த கேள்வியைப் போல, சாதாரணமாகக் கேட்டாள்: "உங்க பக்கத்தை நீங்க சொல்லலாம். அந்த விரல் எப்படி வளைஞ்சுது?"

அவர் பதில் சொல்லவில்லை.

அந்த இடைவெளி எனக்குத் தெரிந்த இடைவெளி. என் கண் அக்காவின் உதட்டை விட்டு நகரவில்லை. இவளால் தாங்க முடியாது, இதோ அசையப் போகிறது, தையலம்மா சொன்னது ஏதாவது ஒன்று வெளியே வரப் போகிறது, வந்தால் பின்னறையில் ஆள் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எத்தனை வருஷம் அந்த வாய் பிறர் மறந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறது! அசையாதே, அசையாதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். கன்னம் துடித்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. உதடு அசையவில்லை.

கடைசியில் அவனே நிரப்பினான். "கதவு. கதவுல மாட்டிக்கிச்சு."

அக்கா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"அவளாத்தான் கையை வச்சா. நான் பாக்கல."

"கதவைச் சாத்தினது யாரு?"

சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை நான் இன்றைக்கும் கனவில் பார்க்கிறேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, நடைப் பக்கம், பின்னறைப் பக்கம் திரும்பினான். அப்போது எனக்கு எங்கிருந்துதான் அந்த யோசனை வந்ததோ, படியோரம் ஓடி, கீழே ஒத்திகைக் கூடத்தைப் பார்த்து அடித்தொண்டையில் கத்தினேன்:

"டீ வந்தாச்சு! எல்லாரும் மேல வாங்க!"

டீ வரவே இல்லை. ஆனால் டீ என்றால் நடிகர்கள் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ராஜா, மந்திரி, காவலாள் என்று எல்லோரும் வேஷம் பாதி கலைந்து படியில் தடதடவென்று ஏறி வந்தார்கள். வாசல் அடைத்துக்கொண்டது. அவன் நடையில் நின்று எல்லோரையும் பார்த்தான். சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"மறுபடி வர்றேம்மா" என்று அக்காவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கிப் போனான்.

"டீ எங்கே?" என்றார் ராஜா.

"போடுறேன், போடுறேன். யாரும் கீழ போகாதீங்க. இங்கேயே இருங்க" என்றேன். என் குரலைக் கேட்டு யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பின்னறைக் கதவு திறந்தது. தையலம்மா வெளியே வந்தார். முந்தானை தலையில் இல்லை. முன்னறையில் அக்காவுக்கு எதிரே, அவன் உட்கார்ந்த அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கதவுன்னா சொன்னான்?"

அக்கா தலையசைத்தாள்.

"டாக்டர்கிட்டயும் அதான் சொன்னான். நானும் ஆமான்னுதான் சொன்னேன்." வலது கையை எடுத்து மேசைமேல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்தார். வளைந்த விரல் மேசையைத் தொடாமல் தனியாக நின்றது. "எத்தனை ஊர் ஓடுறது? போலீசுக்குப் போகலாம்க்கா. என்கூட வர்றீங்களா?"

"வர்றேன்." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்க காக்கிச் சட்டையைப் பாத்ததும் பயத்துல பேச்சு நின்னுபோகும். எனக்குத் தெரியும். நின்னுபோச்சுன்னா என்னைப் பாருங்க, நான் பக்கத்துலயே..."

"எடுத்துக் குடுக்க வேண்டாம்க்கா" என்றார் தையலம்மா. "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு."

எழுந்து வாசலுக்கு வந்து என் காலைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன்.